கணவன் தனிமையில் சொன்னதை மனைவி நீதிமன்றத்தில் சொல்லலாமா?

மாட்டுங்கா தங்கை:

அனைவருக்கும் வணக்கம். இது எங்கள் குடும்பத்தில் நடந்துகொண்டிருக்கும் விஷயம் என்பதால் பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன். என் அக்கா மும்பையில் சயான் கோலிவாடாவில் இருக்கிறார். அத்தான் எட்டு ஆண்டுகளாக நம் ஊர்க்காரர்கள் நாற்பது பேரைச் சேர்த்து மாதச் சீட்டு நடத்தி வந்தார். சென்ற தீபாவளிக்கு முன்பு சீட்டு எடுத்தவர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் போனது. உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்து புகார் கொடுத்ததில், நம்பிக்கை மோசடி என்று வழக்குப் பதிவாகிவிட்டது.

அக்காவுக்குத் தெரிந்தவை இரண்டு. ஒரு நாள் நள்ளிரவில் அத்தான் அவரை எழுப்பி, சீட்டுப் பணத்தை எடுத்து வசாயில் ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டதாகவும், வீடு கட்டித் தருவதாகச் சொன்னவன் ஏமாற்றிவிட்டதாகவும் சொல்லி அழுதிருக்கிறார். மூன்றாம் நாள் விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அக்கா டிரம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, அத்தான் பீரோவிலிருந்து சீட்டுக் கணக்கு நோட்டுகள் இரண்டை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனதையும், அரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பியதையும் பார்த்திருக்கிறார்.

போலீசார் அக்காவைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து இரவு ஒன்பது மணி வரை உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே அழுதுகொண்டே இரண்டையும் சொல்லிவிட்டார். இப்போது மாமியார் வீட்டார், "கணவனுக்கு எதிராக மனைவி சாட்சி சொல்லவே முடியாது, சம்மன் வந்தாலும் போகாதே" என்கிறார்கள். சீட்டு உறுப்பினர்களோ, "எல்லாவற்றையும் சொல்லாவிட்டால் நீயும் உடந்தை" என்கிறார்கள். இதில் எது சரி? சட்டம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செம்பூர் வழக்கறிஞர்:

சகோதரி, உங்கள் அக்காவிடம் சொல்லப்படும் இரண்டுமே தவறு. வழக்கின் காகிதங்களைப் பார்க்காமல் அறிவுரை சொல்ல நான் விரும்பவில்லை, ஆனால் சட்டத்தின் நிலையை விளக்க முடியும்.

முதலில் மாமியார் வீட்டார் சொல்வதை எடுத்துக்கொள்வோம். கணவனுக்கு எதிராக மனைவி கூண்டில் ஏறவே முடியாது என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்பவர்கள் அதை இன்னும் உறுதியாக நம்புகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்ற வழக்கில் கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்பது உண்மை. 1980-இல் டிராமெல் வழக்கில், அந்த உரிமை சாட்சி சொல்பவருக்கே உரியது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரியது அன்று என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்தியாவில் அப்படி ஓர் உரிமை இல்லை. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தை ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்தபோதே, குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் கணவனோ மனைவியோ தகுதியுள்ள சாட்சிதான் என்று 120-ஆம் பிரிவில் எழுதிவிட்டார். அன்றைக்கு இங்கிலாந்திலேயே அந்த நிலை வந்திருக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அதுவே 126-ஆம் பிரிவு. ஆகவே சம்மன் வந்தால் அக்கா போயே ஆக வேண்டும். போகாமல் இருப்பது அவருக்குத்தான் சிக்கலை உண்டாக்கும்.

சீட்டு உறுப்பினர்கள் சொல்வதும் சரியில்லை. பழைய சட்டத்தின் 122-ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 128-ஆம் பிரிவாகக் கிட்டத்தட்ட அதே சொற்களோடு வந்திருக்கிறது. திருமண உறவு நீடிக்கும் காலத்தில் ஒருவர் தம் துணையிடம் தெரிவித்ததை வெளியிடும்படி அந்தத் துணையை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் முதல் பாதி. பலர் கவனிக்காமல் விடுவது இரண்டாம் பாதியை: தெரிவித்தவர் சம்மதிக்காவிட்டால், கேட்டவர் தாமாகவே சொல்ல முன்வந்தாலும் நீதிமன்றம் அதை அனுமதிக்கக் கூடாது. அதாவது இந்தப் பாதுகாப்பு சொன்னவருக்கு உரியது. அத்தான் சம்மதம் தந்தாலொழிய, நள்ளிரவில் அவர் சொன்னதை அக்கா விரும்பினாலும் கூண்டில் சொல்ல முடியாது.

ஆனால் மஞ்சள் பை வேறு விஷயம். 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ராம் பரோசே வழக்கை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோம். உத்தரப் பிரதேசத்தில் நடந்த கொலை வழக்கு அது. விடிவதற்கு முன் இருட்டோடு இருட்டாகக் கணவன் கூரையிலிருந்து இறங்கி வந்ததையும், வைக்கோல் அறைக்குள் போய்த் திரும்பி வந்து குளித்து, அதே வேட்டியை மறுபடி உடுத்திக்கொண்டதையும் மனைவி பார்த்திருந்தாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டதற்கு, நடு வீட்டுக்கு நகை எடுக்கப் போனேன் என்று அவன் சொன்னான். அவள் கண்ணால் கண்ட செயல்களைச் சாட்சியமாக ஏற்ற நீதிமன்றம், நகையைப் பற்றி அவன் அவளிடம் சொன்னதை மட்டும் ஒதுக்கியது. உங்கள் அக்காவின் நிலை அதற்கு மிக நெருக்கமானது. நோட்டை எடுத்துப் போனதும் வெறுங்கையோடு வந்ததும் அத்தான் அக்காவிடம் எதையும் தெரிவிக்கும் நோக்கத்தில் செய்தவை அல்ல. அக்கா கண்ணில் பட்டவை. அவற்றைச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். பெண்ணையும் பதினைந்து வயதுக்குட்பட்டவரையும் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால், அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. அவரை இரவு ஒன்பது மணி வரை உட்கார வைத்தது முறையற்ற செயல்; அதைத் தேதி, நேரத்தோடு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தாராவி வாசகன்:

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம். நாங்கள் ஐந்து பேர் பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலியில், அதாவது ஒற்றை அறையில், இருக்கிறோம். கணவனும் மனைவியும் தனிமையில் பேசினார்கள் என்று சட்டம் சொல்லும் அந்தத் தனிமை எங்களைப் போன்றவர்கள் வீட்டில் ஏது? பக்கத்து வீட்டு ரேடியோவில் என்ன பாட்டு ஓடுகிறது என்பதுகூட எங்களுக்குக் கேட்கும். அப்படியானால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டதைச் சொல்லலாமா? இன்றைக்குக் கணவன் மனைவி பேச்சில் பாதி வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. போலீசார் ஃபோனைப் பறிமுதல் செய்தால் அது என்ன ஆகும்?

செம்பூர் வழக்கறிஞர்:

மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சட்டம் பூட்டு போட்டிருப்பது துணையின் வாய்க்கு மட்டுமே. அந்தச் சொற்கள் வேறு வழியில் வெளியே வந்தால், பூட்டு அவற்றைத் தொடராது.

இதற்கான முக்கியமான தீர்ப்பு நம் மும்பையிலிருந்து போன கடிதங்களைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது. 1964 ஜூலையில் பொன்னன் என்பவர் பம்பாயிலிருந்து, திருவனந்தபுரத்தில் பெற்றோர் வீட்டில் இருந்த தம் மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். அவற்றில் மாமனார் வர்கீஸைப் பற்றி அவதூறாக எழுதியிருந்தார். மனைவி அக்கடிதங்களைத் தந்தையிடம் கொடுத்தார். தந்தை அவதூறு வழக்குத் தொடர்ந்தார். கணவனும் மனைவியும் ஒரே ஆள் என்பதால் மனைவிக்கு எழுதியது வெளியீடே ஆகாது என்ற பழைய ஆங்கிலேயக் கொள்கையும் அவ்வழக்கில் எழுப்பப்பட்டது. வர்கீஸ் எதிர் பொன்னன் என்ற அந்த வழக்கை 1968-இல் தீர்த்த உச்ச நீதிமன்றம், மனைவி கூண்டில் ஏறி அக்கடிதங்களின் உள்ளடக்கத்தைச் சொல்ல முடியாவிட்டாலும், வேறு சாட்சியத்தின் மூலம் அவற்றை நிரூபிக்கத் தடையில்லை என்று கூறி வழக்கைத் தொடர விட்டது. அதற்குத் துணையாக ரம்பிங் என்ற ஆங்கிலேய வழக்கையும், நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய டோனகியூ வழக்கையும் அது எடுத்துக்கொண்டது. ரம்பிங் வழக்கில் ஒரு மாலுமி மனைவிக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்கும்படி உடன் வேலை செய்தவரிடம் கொடுக்க, அது மனைவியைச் சேராமல் போலீசார் கைக்குப் போனது. டோனகியூ வழக்கில் கணவன் புதுச்சேரியிலிருந்த மனைவிக்கு அனுப்பிய கடிதத்தைப் போலீசார் சோதனையிட்டு எடுத்தார்கள். இரண்டும் சாட்சியமாக ஏற்கப்பட்டன.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. சாட்சி சொல்லும் நாளில் அவர்கள் கணவன் மனைவியாக இருக்கிறார்களா என்பது கேள்வியே இல்லை. சொல் சொல்லப்பட்ட நாளில் இருந்தார்களா என்பதே கேள்வி. விவாகரத்துக்குப் பிறகும், மரணத்துக்குப் பிறகும் பூட்டு அப்படியே இருக்கும். திருமணத்துக்கு முன் காதலித்த காலத்தில் பேசியதற்கும், விவாகரத்தான பிறகு பேசியதற்கும் பூட்டு கிடையாது.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாகக் கேட்டிருந்தால் அவர் சாட்சி சொல்லலாம். முறைப்படி பறிமுதல் செய்த ஃபோனில் இருக்கும் வாட்ஸ்அப் செய்தியும், வர்கீஸ் வழக்கின் தர்க்கப்படி, மனைவியின் வாய்வழியே வராமல் உள்ளே வரும். அதற்கு புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுக்கான 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. ஒரே கோலியில் வாழ்பவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, மூன்று அறை ஃபிளாட்டில் கதவைச் சாத்திக்கொள்பவனுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்ற உங்கள் குறை நியாயமானது; சட்டம் எழுதியவர்கள் அதை எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடுபவள்:

நான் பத்து ஆண்டுகளாகப் பாந்த்ரா குர்லா வளாகத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். இந்த இழையைப் படிப்பவர்களில் பலருக்கு விவாகரத்து வழக்கில் இது எப்படி என்ற கேள்விதான் இருக்கும் என்பதால் குறுக்கிடுகிறேன்.

மேலே சொன்ன தடைக்கு அந்தப் பிரிவிலேயே இரண்டு விலக்குகள் உண்டு. கணவன் மனைவிக்கு இடையே நடக்கும் வழக்கு ஒன்று. ஒருவருக்கு எதிராக மற்றவர் செய்த குற்றத்துக்கான வழக்கு இரண்டாவது. விவாகரத்து, ஜீவனாம்சம், வரதட்சணைக் கொடுமை எல்லாம் இவற்றுள் அடங்கும். அங்கே அவர் என்னிடம் இப்படிச் சொன்னார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ரகசியமாகப் பதிவு செய்த பேச்சு என்ன ஆகும் என்பதில் அண்மைக்காலம் வரை உயர் நீதிமன்றங்கள் வெவ்வேறு வழியில் போயின. பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்தில் ஒரு கணவர், மனைவியோடு தாம் பேசியவற்றை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்து தாக்கல் செய்தார். அது அந்தரங்க உரிமையை மீறுவது என்று பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2021-இல் தடுத்தது. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் சதீஷ் சந்திர சர்மாவும், விபோர் கர்க் எதிர் நேஹா வழக்கில் அந்த உத்தரவை நீக்கி, பதிவைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 122-ஆம் பிரிவு திருமண உறவின் புனிதத்தைக் காக்க வந்ததே தவிர, கணவன் மனைவிக்கு இடையே அந்தரங்க உரிமையை நிறுவ வந்ததன்று என்பது அவர்கள் காட்டிய காரணம். ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு ஒரு மணவாழ்வு வந்துவிட்டதென்றால் அது ஏற்கெனவே முறிந்துவிட்டதற்கான அறிகுறி என்றும் குறிப்பிட்டார்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும், சாட்சியச் சட்டத்தின் கட்டுக்கு வெளியே உள்ள ஆவணங்களை ஏற்க நீதிபதிக்கு இடம் தருகிறது.

இதற்கு முன்பே, 2024 அக்டோபரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்தார். பரமக்குடியில் நடந்த வழக்கில் கணவர் மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்திருந்தார். அந்தரங்க உரிமைக்குள் கணவன் மனைவிக்கு இடையிலான அந்தரங்கமும் அடங்கும், அதை மீறிப் பெற்ற சாட்சியம் செல்லாது என்றார் நீதிபதி. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இதன் வலிமை குறைந்துவிட்டது உண்மைதான். ஆயினும் என் கருத்தில், தான் பங்குகொண்ட பேச்சைத் தானே பதிவு செய்வதும், துணை வேறொருவரோடு வைத்திருந்த தொடர்பைத் திருடி எடுப்பதும் ஒன்றாகிவிடாது. அந்த வேறுபாட்டை வாதிட இன்னும் இடமிருக்கிறது.

என் கட்சிக்காரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தீர்ப்பு வந்துவிட்டது என்று தலையணைக்கு அடியில் ஃபோனை வைத்துப் பதிவு செய்யத் தொடங்காதீர்கள். ஒரு பெண்மணி என்னிடம் நாற்பது மணி நேரப் பதிவைக் கொண்டுவந்தார். வழக்குக்கு உதவக்கூடியது அதில் ஐந்து நிமிடம்கூட இல்லை. மீதி முழுவதும், இவர் திட்டமிட்டுக் கணவரைக் கோபப்படுத்தியதையே காட்டியது.

முலுண்ட் கணக்காளர்:

எனக்கு அடிப்படையிலேயே உடன்பாடு இல்லை. குற்ற வழக்கில் உண்மையை அறிவதுதானே நீதிமன்றத்தின் வேலை? நாற்பது குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் போயிருக்கிறது. எங்கே போனது என்பதைக் கணவனே வாய்விட்டுச் சொல்லியிருக்கும்போது, அதைக் கேட்ட ஒரே ஆளின் வாயை மூடுவது என்ன நியாயம்? 1853-இல் இந்தப் பாதுகாப்பைச் சட்டமாக எழுதிய இங்கிலாந்தே, உரிமையியல் வழக்குகளில் 1968-லும் குற்ற வழக்குகளில் 1984-லும் அதை நீக்கிவிட்டது. நாம் மட்டும் 2023-இல் புதுச் சட்டம் எழுதும்போதும் அதே பத்தியைப் படியெடுத்து வைத்திருக்கிறோம்.

செம்பூர் வழக்கறிஞர்:

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மனைவி வாயைத் திறக்காவிட்டால் வழக்கே நிற்காது என்று எண்ண வேண்டாம். வங்கிக் கணக்கு இருக்கிறது, வசாயில் முன்பணம் வாங்கியவர் இருக்கிறார், நாற்பது பேரின் சீட்டு அட்டைகள் இருக்கின்றன. புலனாய்வு செய்பவர் அவற்றைத் தேடிப் போக வேண்டும். மனைவியை உட்கார வைத்து அழ வைப்பது அதைவிட எளிது என்பதால்தான் அந்த வழிக்குப் போகிறார்கள். அந்த எளிய வழியை அடைப்பதே இந்தப் பிரிவால் விளையும் பெரிய நன்மை என்று நான் நினைக்கிறேன். அன்றிரவு அத்தான் அக்காவை எழுப்பி அழுதது, வேறு யாரிடமும் அழ முடியாததால். அதையும் வழக்குக் கட்டில் ஒரு தாளாக்கினால், நாளைக்கு இன்னொரு வீட்டில் இன்னொருவன் மனைவியிடமும் சொல்லாமல் தூக்குக்கயிற்றைத் தேடுவான்.

அன்டாப் ஹில் ஆசிரியை:

ஐயா சொல்வது பணத்துக்குப் பொருந்தும். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. நான் மாநகராட்சிப் பகுதியொன்றில் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். பெற்ற தகப்பனே பிள்ளையிடம் தவறாக நடந்த கொடுமை என் கண் முன்னால் வெளிப்பட்டிருக்கிறது. அந்தத் தகப்பன் தாயின் காலில் விழுந்து, தெரியாமல் செய்துவிட்டேன், வெளியே சொல்லாதே என்று கெஞ்சினான். விலக்கு ஒருவருக்கு எதிராக மற்றவர் செய்த குற்றத்துக்கு மட்டும்தான் என்றீர்கள். பிள்ளைக்கு எதிரான குற்றம் அதில் வருமா?

செம்பூர் வழக்கறிஞர்:

அம்மா, பிரிவின் சொற்களின்படி வராது. மணமான ஒருவர் மற்றவருக்கு எதிராகச் செய்த குற்றம் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது; பிள்ளையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்தப் பிரிவின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் உறுதியான எண்ணம். முலுண்ட் நண்பர் சொன்னதில் நான் முழுமையாக ஒப்புக்கொள்ளும் பகுதியும் இதுதான்: 2023-இல் புதிதாக எழுதும்போது பிள்ளைக்கு எதிரான குற்றத்தையும் விலக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. தாய்க்கும் அது பொருந்தும். ஒரு சட்டம் போய்ச் சொல் என்கிறது, இன்னொரு சட்டம் கூண்டில் சொல்லாதே என்கிறது. பிற சட்டங்களோடு முரண்பட்டால் போக்சோவே மேலோங்கும் என்று அதன் 42ஏ பிரிவு சொல்வதை வைத்து, தகப்பனின் கெஞ்சலையும் தாய் சொல்லலாம் என்று நான் வாதிடுவேன்.

அந்த வாதம் தோற்றாலும் தாயின் சாட்சியம் வீணாகாது. பிள்ளை தன்னிடம் என்ன சொன்னது, எந்த நேரத்தில் எந்த நிலையில் பிள்ளையைக் கண்டாள், உடையில் என்ன இருந்தது, அவன் காலில் விழுந்தபோது அதை வேறு யார் பார்த்தார்கள் என்பவை எவற்றுக்கும் தடையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் சாட்சியம் இருக்கிறது. கணவன் சொன்னதைச் சொல்ல முடியாது என்று கேள்விப்பட்டு, எதுவுமே சொல்ல முடியாது என்று எந்தத் தாயும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

அன்டாப் ஹில் ஆசிரியை:

நன்றி ஐயா. இதை எங்கள் பகுதி அம்மாக்களிடம் அப்படியே சொல்கிறேன்.

மாட்டுங்கா தங்கை:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துக் காட்டினேன். நேற்று ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இடது பக்கத்தில் கண்ணால் பார்த்ததையும் வலது பக்கத்தில் அத்தான் சொன்னதையும் எழுதச் சொன்னார். வலது பக்கம் நிறைந்தது. இடது பக்கத்தில் ஏழு வரிகள்தான். நள்ளிரவுப் பேச்சைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்வதற்கு முன் நீதிபதியின் முகத்தைப் பார்க்க வேண்டும், அத்தானின் வழக்கறிஞர் ஆட்சேபம் எழுப்புவார், மஞ்சள் பையைப் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தினார். அக்கா நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பையைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வராது" என்றார்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது. அன்றிரவு அவன் தூங்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று இப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அவனுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டா?

செம்பூர் வழக்கறிஞர்:

இல்லை, சகோதரி. நம் சட்டம் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே அப்படிப்பட்ட பாதுகாப்பு எதையும் தரவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லக்கூடிய பிள்ளை புதிய சாட்சியச் சட்டத்தின் 124-ஆம் பிரிவுப்படி தகுதியுள்ள சாட்சிதான். அவனை விசாரிக்க வந்தால் வீட்டிலேயே, பெரியவர் ஒருவர் உடனிருக்க விசாரிக்கும்படி கேளுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது. இந்தப் பக்கத்தாரும் சரி, அந்தப் பக்கத்தாரும் சரி.

மாட்டுங்கா தங்கை:

அக்காவிடம் சொன்னேன். பாட்டி வீட்டிலிருந்து யார் வந்து அவனிடம் பேசினாலும் தானும் பக்கத்தில் இருக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவன் இன்னும் அத்தானுடைய சட்டையைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். சம்மன் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.